வீட்டுப் பட்டறையில் மில்லிங்: எதில் சிக்கனம், எதில் கூடாது

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து அங்கே உலோகம் செதுக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வாகன ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும், கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அப்படியிருக்க, வீட்டின் பின்கட்டில், சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் ஒரு சிறிய மில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு எதற்காக மல்லுக்கட்டுகிறாய் என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. அந்தப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் ஒரே உருப்படியைச் செய்வதற்காக அமைந்தவை. எனக்கும் என்னைத் தேடி வருகிறவர்களுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று. மாம்பழக்கூழ் ஆலையில் உடைந்துபோன ஒரு பேரிங் தாங்கி, பட்டு நூற்கும் எந்திரத்தில் தேய்ந்துபோன ஒரு பிராக்கெட், கிணற்று மோட்டாரின் ஷாஃப்ட்டில் கீ எனும் கட்டை உட்காருவதற்கு வெட்ட வேண்டிய கீவே பள்ளம் என்று வருகிற வேலைக்காக, ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்தி, கட்டியிருக்கும் ஜாப்பை, அதாவது வெட்டப்படும் துண்டை, கழற்றிப் புதிதாக அமைத்துத் தர எந்த முதலாளிக்கும் மனம் வராது. வந்தாலும் அவர் கேட்கும் கூலி நியாயமாகவே புதுப் பாகத்தின் விலையைத் தொட்டுவிடும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுப் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவன் நான். மில்லிங் என்பது மாலை நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது. ஆகவே செலவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: மில்லிங்கில் வேலையைக் கெடுப்பது ஆட்டம். எந்திரத்தின் தூணில் இருக்கும் ஆட்டம், கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் இருக்கும் ஆட்டம், ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸில் இருக்கும் ஆட்டம், கட்டரைக் கவ்வியிருக்கும் இடத்தில் இருக்கும் ஆட்டம் என எல்லாம் ஒன்றோடொன்று கூடிக்கொண்டு உலோகத்தின் மேல் அலையலையான தடமாக வந்து நிற்கின்றன. கையிலுள்ள பணத்தில் எந்த ரூபாய் இந்த ஆட்டத்தைக் குறைக்கிறதோ அது நல்ல செலவு; மற்றவற்றை ஒத்திப்போடலாம், இரவல் வாங்கலாம், நாமே செய்துகொள்ளலாம்.

முதலில், எல்லோருக்கும் தோன்றும் ஒரு குறுக்கு வழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பில்லர் டிரில்லிங் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. அதன் மேஜையில் இரண்டு பக்கமும் நகரும் கிராஸ் வைஸ் ஒன்றை வைத்துவிட்டால் மில்லிங் மெஷின் ஆகிவிடாதா என்று நினைப்பது இயல்பு. ஆகாது. டிரில் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே அழுத்துகிறது. அதன் பேரிங்குகள் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. எண்ட் மில் எனும் மில்லிங் கட்டரோ பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அதுவும் ஒவ்வொரு பல்லும் உலோகத்தைத் தொட்டு விலகும்போதெல்லாம் ஒரு தட்டு விழுகிறது. டிரில் சக் வெறும் சரிவுப் பிடிப்பில் மட்டுமே ஸ்பிண்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து அதை இழுத்துப் பிடிக்க டிராபார் கிடையாது. பக்கவாட்டுத் தட்டுகள் தொடர்ந்து விழுந்தால் அந்தப் பிடி நெகிழ்ந்து, சுழலும் சக்கும் கட்டரும் சேர்ந்தே கீழே விழும். விழுகிற இடத்துக்கு நேராக நம் கை இருக்கும். மரத்துக்கும் நைலானுக்கும் வேண்டுமானால் கிராஸ் வைஸ் போதும், இரும்புக்கு வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு லேத் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. லேத்தின் கிராஸ் ஸ்லைடின் மேல் மேலும் கீழும் நகரும் ஒரு வெர்ட்டிகல் ஸ்லைடைப் பூட்டி, அதில் ஜாப்பைப் பிடித்து, கட்டரை லேத்தின் ஸ்பிண்டிலில் கோலெட் எனும் கவ்வியில் மாட்டி ஓட்டலாம். லேத்தின் ஸ்பிண்டில் பேரிங் பக்கவாட்டு விசையைத் தாங்கவே பிறந்தது. எனவே அந்த முனையில் ஆட்டம் இல்லை. ஜாப் சிறியதாக இருக்க வேண்டும், வெட்டு மெலிதாக இருக்க வேண்டும், பொறுமை பெரிதாக இருக்க வேண்டும். பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் வார்த்த பழைய பெல்ட் லேத்துகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ஓடுகின்றன. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் மில்லிங் மெஷின் வாங்கும் யோசனையை ஓர் ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

தனி எந்திரம்தான் வேண்டும் என்றால் பழையதைத் தேடுவதே சரி. ஓசூரிலும் பெங்களூரின் பீன்யாவிலும் கைப்பிடி சுற்றி ஓட்டும் எந்திரங்களை அகற்றிவிட்டு சி.என்.சி.க்கு மாறுகிற பட்டறைகள் எப்போதும் சில இருக்கும். ஆனால் அங்கே கண்ணில் படும் எச்.எம்.டி. போன்ற நல்ல எந்திரங்கள் டன் கணக்கில் எடையுள்ளவை. வீட்டுத் தரை, வீட்டு வாசல், வீட்டு மின்சாரம் மூன்றுமே அவற்றுக்குப் போதாது. எம்1டிஆர் எனப்படும் டரெட் வகை எந்திரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். நமக்குத் தோதானது முந்நூறு கிலோவுக்கு உட்பட்ட பெஞ்ச் வகை. இந்த வகையில் வட்டத் தூண் கொண்டவை மலிவாக வரும். தலைப்பகுதியை ஏற்றி இறக்கும்போது வட்டத் தூணைச் சுற்றி அது சிறிது திரும்பிவிடும். திரும்பினால் அதுவரை பார்த்து வைத்த மையம் போயிற்று. நீளமான டிரில்லுக்கும் குட்டையான எண்ட் மில்லுக்கும் மாற்றி மாற்றி வேலை செய்கிறவர் ஒவ்வொரு முறையும் மையத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். சதுரத் தூணில், டவ்டெயில் தடத்தில் தலை ஏறி இறங்கும் எந்திரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது பொருந்தும்.

பழைய எந்திரத்தைப் பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். மேஜையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையால் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான வேலை மேஜையின் நடுப்பகுதியில்தான் நடந்திருக்கும். அங்கேதான் தடம் தேய்ந்திருக்கும். தடத்தின் தளர்வைச் சரிசெய்யும் ஜிப் திருகுகளை நடுவில் ஆட்டமில்லாதபடி இறுக்கிவிட்டுக் கோடிகளுக்கு நகர்த்தினால், தேய்ந்த எந்திரம் அங்கே இறுகிக்கொண்டு நகர மறுக்கும். நடுவுக்கும் கோடிக்கும் உள்ள இந்த வேறுபாடு எவ்வளவு என்பதே அந்த எந்திரத்தின் உண்மையான வயது. அடுத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பும்போது மேஜை நகரத் தொடங்கும் முன் டயலில் எவ்வளவு வெறுமனே ஓடுகிறது என்று பாருங்கள். அந்த வெற்று ஓட்டத்தை நட்டை இறுக்கியோ மாற்றியோ குறைத்துவிடலாம். தேய்ந்த தடத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது. மூன்றாவதாக, ஸ்பிண்டிலின் உட்சரிவில் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் ஸ்பிண்டிலைச் சுற்றினால் முள் 0.01 மி.மீ. அளவிலேயே நிற்க வேண்டும். மேஜையில் டிரில் இறங்கிய தழும்புகள் சில இருந்தால் அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். விலையைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பட்டறையிலிருந்து வரும் எந்திரத்தில் மும்முனை மோட்டார் இருக்கும். வீட்டில் இருப்பது ஒருமுனை. மோட்டாரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒருமுனை 230 வோல்ட்டை உள்ளே வாங்கி மும்முனை 230 வோல்ட்டாக வெளியே தரும் வி.எஃப்.டி. பெட்டி ஒரு குதிரைத்திறன் அளவுக்கு எளிதாகவே கிடைக்கிறது. 415 வோல்ட்டுக்கு ஸ்டார் எனும் சுருள் இணைப்பில் கட்டப்பட்டிருக்கும் மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்றுதான் வந்திருக்கிறது என்றால், காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து உள்ளே முடிச்சிட்டிருக்கும் முனைகளைப் பிரித்து வெளியே கொண்டுவரச் சொல்லலாம். வேகத்தைக் குமிழில் திருகிக்கொள்ளும் வசதி இதனால் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வேகத்தை மிகவும் குறைத்து ஓட்டும்போது மோட்டாரின் விசிறியும் மெதுவாகவே சுற்றும், மோட்டார் சூடாகும். எனவே பெல்ட்டை மாற்றிப் போடும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

இனி வருவது எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சலுகை. சிறிய பெஞ்ச் மில்லின் தூண் உள்ளே வெறுமையாக இருக்கும். வெட்டு ஆழமாகும்போது அந்தத் தூண் அதிர்கிறது. அதிர்வு கட்டருக்குத் திரும்பி வருகிறது. கட்டர் பாடத் தொடங்குகிறது. அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய எந்திரங்களில் வார்ப்பிரும்பின் எடையே இதை அடக்கிவிடும். அண்மைக் காலத்து நுண் எந்திரங்கள் சிலவற்றின் அடித்தளத்தை வார்ப்பிரும்புக்குப் பதிலாக, கிரானைட் துகளை எபாக்ஸி பிசினில் குழைத்து வார்க்கிறார்கள்; இந்தக் கலவை அதிர்வை வார்ப்பிரும்பைவிட வேகமாக விழுங்கிவிடும். பெங்களூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் கிரானைட் அறுக்கும் ஆலைகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விட்டால் யார்தான் செய்வார்கள்?

செய்முறை எளிது, அவசரம் மட்டும் ஆகாது. தலைப்பகுதியை இறக்கி வைத்து, தூணின் உட்புறத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் விட்டுத் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் எபாக்ஸி ஒட்டாது. ஏறத்தாழ ஆறு மி.மீ. சிப்ஸ், அதைவிடச் சிறிய குருணை, மாவு போன்ற தூள் என மூன்று அளவிலும் எடுத்துக்கொண்டு, கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காய வைக்க வேண்டும். பெரிய கற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சிறியவையும், சிறியவற்றின் இடைவெளியைத் தூளும் நிரப்பிக்கொள்வதால் பிசின் குறைவாகவே தேவைப்படும். விலை அதிகமானது பிசின்தான் என்பதால் இதில் சிக்கனமும் உறுதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. கற்கள் ஈரமாகத் தெரியும் அளவுக்கு மட்டும் பிசினைக் கலந்து, கையகல உயரத்துக்கு ஓர் அடுக்காக இட்டுக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் இறுகும்போது எழும் சூடு அதிகமாகிவிடும். போல்ட் வரும் இடங்களிலும் ஒயர் போகும் வழியிலும் மெழுகு பூசிய குழாயைச் செருகி வைப்பது பின்னால் உதவும். சிமெண்ட் காங்கிரீட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது காயும்போது சுருங்கித் தூணின் சுவரைவிட்டு விலகிவிடும் என்பதால் நான் அதன் பக்கம் போவதில்லை. நிரப்புவதற்கு முன் சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று ஒலித்த தூண், இறுகிய பிறகு ‘தப்’ என்று அடங்கிவிடுகிறது. அதே கட்டரில், அதே வேகத்தில், முன்பைவிட ஆழமான வெட்டைச் சத்தமில்லாமல் எடுக்க முடிகிறது.

எந்திரத்துக்கு அடுத்து, பணத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டியது வைஸுக்கு. நான்கு அங்குல மில்லிங் வைஸ் ஒன்று, அதன் நிலைத்தாடை மேஜைக்குச் செங்குத்தாக இருப்பது உறுதியானதாக, இறுக்கும்போது நகரும் தாடை ஜாப்பைத் தூக்கிவிடாததாக இருக்க வேண்டும். டிரில்லிங்குக்கென்று விற்கும் மலிவு வைஸில் ஜாப்பை இறுக்கினால் தாடை மேலே எழும். அடியில் வைத்த பேரலல் கட்டை தளர்ந்து ஆடும். எதை வெட்டினாலும் சதுரம் வராது. வைஸ் வாங்கிய கையோடு ஒரு டயல் கேஜும் காந்தத் தாங்கியும் வாங்கிவிட வேண்டும். ஸ்பிண்டிலில் டயல் கேஜை ஒரு கம்பியில் நீட்டிப் பிடித்து, மேஜையின் மேல் வட்டமாகச் சுற்றி, இடமும் வலமும் முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும்வரை தலையைத் திருத்துவதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. 200 மி.மீ. அகலத்துக்கு 0.02 மி.மீ. வேறுபாட்டுக்குள் வந்துவிட்டால் எனக்குப் போதும். இதைச் செய்யாமல் அகலமான கட்டரை ஓட்டினால் பரப்பு தட்டையாக இருக்காது. அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே நகத்தில் தட்டுப்படும் ஒரு படி இருந்துகொண்டே இருக்கும்.

அளவு பார்க்கும் மேடைக்குச் செலவே இல்லை. ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கும் சர்ஃபேஸ் பிளேட்டுகள் கருங்கிரானைட்டால் ஆனவை. அது துருப்பிடிக்காது, சூட்டுக்கு அதிகம் விரியாது, எதையாவது தவறவிட்டால் அந்த இடத்தில் சிறு சில்லு பெயருமே தவிர வார்ப்பிரும்பைப்போல் விளிம்பு மேலெழுந்து அளவைக் கெடுக்காது. கிரானைட் ஆலையில் மூலையில் கிடந்த பாலிஷ் செய்த தடிமனான துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பாலிஷ் செய்ததெல்லாம் தட்டை ஆகிவிடாது. பளபளப்பு வேறு, தட்டைத்தன்மை வேறு. நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளம், அகலம், மூலைவிட்டம் என்று வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்து, நன்றாக இருக்கும் பகுதியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குள் மட்டும் அளவெடுக்கிறேன். கல்லுக்கு அடியில் நான்கு மூலையிலும் முட்டுக் கொடுக்காமல் மூன்றே இடத்தில் ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன்; மூன்று புள்ளியில் நிற்கும் கல் முறுக்கிக்கொள்ளாது.

கட்டரில்தான் பலர் தேவையற்ற செலவு செய்கிறார்கள். கார்பைடு கடினமானது, வேகமாக வெட்டக் கூடியது. ஆனால் அதிர்வைத் தாங்காது, முனை சட்டென்று பெயர்ந்துவிடும். நம் எந்திரமோ ஓரளவு அதிர்ந்தே தீரும். ஆகவே எச்.எஸ்.எஸ். எனும் ஹை ஸ்பீட் ஸ்டீல் கட்டர்தான் வீட்டுக்கு ஏற்றது. அடிசன் போன்ற நல்ல தயாரிப்பில் 6, 8, 10, 12 மி.மீ. அளவுகளில், இரண்டு பல்லும் நான்கு பல்லுமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். பத்து மலிவுக் கட்டர்கள் கொண்ட பெட்டி வாங்குவதைவிட, நல்ல கட்டர் ஒவ்வொன்றாகத் தேவைப்படும்போது வாங்குவது மொத்தத்தில் குறைந்த செலவு. அவற்றைப் பிடிக்க இ.ஆர். கோலெட் வேண்டும். அகலமான பரப்பைச் சீவுவதற்கு ஃபேஸ் மில் வாங்க வேண்டியதில்லை. உருண்டை இரும்பில் சாய்வாக ஒரு பள்ளம் போட்டு, லேத்தில் பயன்படும் கால் அங்குல எச்.எஸ்.எஸ். பிட்டை அதில் இறுக்கினால் ஃப்ளை கட்டர் தயார். மெதுவாகத்தான் வெட்டும், வெட்டிய பரப்பு வழவழப்பாக வரும்.

வேகக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு சூத்திரம் போதும். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, கட்டரின் விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பை எச்.எஸ்.எஸ். கட்டரால் வெட்டுவதற்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 10 மி.மீ. கட்டருக்கு ஏறத்தாழ 800 சுற்று, 60 மி.மீ. வட்டமடிக்கும் ஃப்ளை கட்டருக்கு 130-ஐ ஒட்டி. அலுமினியத்துக்கு இதன் மூன்று மடங்கு தாராளமாகப் போகலாம். வேகம் அதிகமானால் பல் நீலம் பாய்ந்து மழுங்கும். சீவல் மிகவும் மெலிதாக வரும்படி பயந்து பயந்து நகர்த்தினாலும் பல் மழுங்கும். ஏனென்றால் அப்போது பல் வெட்டாமல் உரசிக்கொண்டே போகிறது.

கட்டர் சுழலும் திசைக்கு எதிராக ஜாப்பை ஊட்டுவதே வீட்டு எந்திரத்துக்குப் பாதுகாப்பு. அதே திசையில் ஊட்டினால் பரப்பு அழகாக வரும் என்பது உண்மைதான். ஆனால் மேஜையை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் உள்ள வெற்று ஓட்டம் அளவுக்குக் கட்டர் மேஜையைத் தானே இழுத்துக்கொள்ளும், ஒரே பல்லில் மொத்தச் சுமையும் ஏறும், கட்டர் முறியும். கடைசியில் ஒரு மெல்லிய தோல் மட்டும் சீவ வேண்டியிருக்கும்போது, மேஜையின் பூட்டைச் சற்று இறுக்கி வைத்துக்கொண்டு அந்தத் திசையில் போவேன்.

உலோகம் வாங்குவதற்குப் பழைய இரும்புக் கடைதான் முதல் இடம். கிலோ விலையில் கிடைக்கும் துண்டில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது என்பது ஒரு குறை. உடைந்த அச்சு, ஸ்பிரிங் பட்டை முதலியவை கட்டரைத் தின்றுவிடும். அரத்தால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்து, அரம் வழுக்கினால் திருப்பி வைத்துவிட வேண்டும். சூடாக உருட்டிய பட்டையின் கறுத்த செதில், வார்ப்பிரும்பின் மணல் ஒட்டிய தோல் இரண்டுமே பல்லை மழுக்குபவை; முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்குமாறு ஆழமாக வைக்க வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டக் கூடாது. வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டுவிட்டால் போதும். ஷாஃப்ட் வேலைக்கு மட்டும் இ.என்.8 எனும் கார்பன் எஃகுத் துண்டுகளை ஓசூரில் விலை கொடுத்தே வாங்குகிறேன்.

ஒரு வேலையை அருகிலிருந்து காட்டினால் மேலே சொன்னவை எங்கே பயன்படுகின்றன என்பது புரியும். 25 மி.மீ. ஷாஃப்ட்டில், அதை இன்னொரு ஷாஃப்ட்டோடு இணைக்கும் கப்ளிங்குக்கு ஒரு கீவே வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த விட்டத்துக்கு 8 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் உள்ள கீ. ஷாஃப்ட்டில் 4 மி.மீ. ஆழம், கப்ளிங்கின் துளையில் 3.3 மி.மீ. ஆழம். கீயின் தலைக்கு மேல் 0.3 மி.மீ. வெற்றிடம் விடுவது வேண்டுமென்றேதான். சுமையைத் தாங்க வேண்டியவை கீயின் பக்கங்கள். ஆகவே ஆழத்தில் சிறிது பிசகினாலும் பரவாயில்லை, அகலத்தில் பிசகக் கூடாது. நான்கு பல் கட்டர் பள்ளத்துக்குள் ஒரு பக்கமாக வளைந்து, அகலத்தைக் கூட்டிவிடும். இரண்டு பல் ஸ்லாட் டிரில்லே இதற்கு உரியது.

ஷாஃப்ட்டை வைஸில் பேரலலின் மேல் படுக்க வைத்து, ஒரு முனை வைஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்குகிறேன். மையம் பார்ப்பது அந்த நீட்டிய முனையில்தான். வைஸுக்குள் ஷாஃப்ட்டின் வயிற்றுப் பகுதியைத் தாடைகள் மறைத்திருக்கும். மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்து வைத்த மெல்லிய தாளை ஷாஃப்ட்டுக்கும் கட்டருக்கும் இடையில் விட்டு, ஸ்பிண்டிலை நிறுத்தி வைத்துக் கையால் சுற்றிக்கொண்டே மேஜையை நகர்த்தினால், கட்டரின் பல் தாளைப் பற்றி இழுக்கும் கணம் தெரிந்துவிடும். டயலைச் சுழியில் வைத்து, கட்டரை மேலே தூக்கி, ஷாஃப்ட்டின் ஆரம் 12.5, கட்டரின் ஆரம் 4, தாளின் தடிமன் மூன்றையும் கூட்டி அவ்வளவு தூரம் நகர்த்தினால் கட்டர் ஷாஃப்ட்டின் உச்சிக்கு நேராக நிற்கும். நகர்த்தும்போது அதே திசையிலேயே போக வேண்டும்; தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பாமல், வெகுதூரம் பின்வாங்கி மறுபடி முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் வெற்று ஓட்டம் கணக்கில் புகுந்துவிடும்.

பிறகு நீளவாட்டம் தவிர மற்றப் பூட்டுகளை எல்லாம் இறுக்குகிறேன். உச்சியைத் தாளால் தொட்டு, ஒரு மி.மீ. வீதம் இறக்கி, நான்கு வெட்டில் ஆழத்தை முடிக்கிறேன். 1000 சுற்றில் ஓடும் 8 மி.மீ. கட்டருக்கு, ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு 60 மி.மீ. நகர்வு, என் எந்திரத்தில் கைப்பிடியின் ஒரு சுற்று 2 மி.மீ. என்பதால் இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் கடிகாரம் வேண்டாம். சீவல்கள் பள்ளத்துக்குள் தங்கினால் கட்டர் அவற்றையே மறுபடி அரைக்கும். கையால் தள்ளாமல் தூரிகையால் எடுக்க வேண்டும். முடிவில் பள்ளத்தின் அடியிலிருந்து ஷாஃப்ட்டின் எதிர்ப்பக்கம்வரை அளந்தால் 21 மி.மீ. இருக்க வேண்டும். விளிம்பிலுள்ள பிசிறை அரத்தால் எடுத்துவிட்டுக் கீயை மரச் சுத்தியலால் தட்டினால், அது முனகிக்கொண்டே இறங்கி உட்கார வேண்டும். விரலால் அழுத்தினாலே விழுந்தால் தளர்வு. வேலை பார்க்கும்போது கீ இருபுறமும் அடித்து அடித்துப் பள்ளத்தை அகலமாக்கிவிடும்.

பட்டறைக்குள் கையுறை அணிந்துகொண்டு எந்திரத்தை ஓட்டக் கூடாது, கண்ணாடி இல்லாமலும் ஓட்டக் கூடாது, இரண்டும் தெரிந்தவையே. நம் ஊரில் சேர்த்துச் சொல்ல வேண்டியது லுங்கியும் தோளில் போடும் துண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் அப்படியே பட்டறைக்குள் நுழைந்துவிடுகிறோம். குனிந்து அளவு பார்க்கும்போது துண்டின் நுனி ஸ்பிண்டிலைத் தொட ஒரு நொடி போதும். என் பட்டறைக் கதவில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். துண்டு அதற்கு இப்பால் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேஜையில் துரு ஏறாமலிருக்க வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடுவதும் அந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான்.

ஷாஃப்ட்டின் கீவேயை மில்லிங்கில் வெட்டிவிடலாம். கப்ளிங்கின் துளைக்குள் வெட்ட வேண்டிய பள்ளத்துக்கு எந்த எண்ட் மில்லும் நுழையாது. அதற்கு மேலும் கீழும் ஓடிச் சீவும் ஸ்லாட்டிங் மெஷினோ, பல்வரிசையுள்ள புரோச் எனும் கருவியோ வேண்டும். இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை. அவசரமில்லாத வேலையை ஓசூரில் ஸ்லாட்டிங் மட்டும் செய்து தரும் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன். அமைப்பது எளிது என்பதால் ஒற்றை உருப்படியை அவர்கள் மறுப்பதில்லை. அவசரமானால் கப்ளிங்கை லேத்தின் சக்கில் பிடித்து, ஸ்பிண்டிலைச் சுழலாதபடி பூட்டி, 8 மி.மீ. அகலத்துக்குத் தீட்டிய பிட்டை போரிங் பாரில் படுக்கைவாட்டில் மாட்டி, லேத்தில் கருவியைச் சுமந்து நகரும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஷேப்பர் எந்திரம் போலச் சீவுகிறேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் 0.05 மி.மீ. என்றால் 3.3 மி.மீ. ஆழத்துக்கு அறுபத்தாறு தள்ளல். வளைந்த பார் நிமிர்வதற்காகக் கூடுதல் ஆழம் கொடுக்காமல் இன்னும் சில தள்ளல்கள். தோள் வலிக்கும். கீ பொருந்தும்.